ஒன்பதாம் வகுப்பை நூலகத்துக்கு எப்படி அழைத்துப்போவது?

ஆகஸ்ட் மாதம், ஒரு மதிய இடைவேளை. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நூலக அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தான். உள்ளே வரவில்லை. என்னப்பா என்று கேட்டேன். "உள்ளே வரலாமா டீச்சர்?" என்றான்.

ஜூன் மாதம் இதே அறையில் அவனையும் அவன் வகுப்பில் மீதி நாற்பத்தோரு பேரையும் நிற்கவைத்து முக்கால் மணி நேரம் பேசியிருந்தேன். நூலகத்தின் அருமை, அலமாரிகளின் வரிசை, பக்கத்தை மடக்கக் கூடாது, எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது, பேனாவால் கோடு போடக் கூடாது என்று எல்லாம் சொன்னேன். வரலாம் என்பதை மட்டும் சொல்ல மறந்திருக்கிறேன். சொல்லியிருந்தாலும் அத்தனை 'கூடாது'களுக்கு நடுவே அது அவன் காதில் விழுந்திருக்காது.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. நூலகம் எனக்குக் கூடுதல் பொறுப்பு. அரசு உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றில் இதுதான் நிலைமை: நூலகர் என்று தனியாக ஒருவர் இருக்க மாட்டார், யாராவது ஓர் ஆசிரியரின் சாவிக்கொத்தில் நூலகச் சாவியும் தொங்கும். அது என் கொத்துக்கு வந்தபிறகு, பிள்ளைகளுக்கு நூலகத்தை அறிமுகப்படுத்த ஐந்தாறு வழிகளில் முயன்று பார்த்துவிட்டேன். சில வழிகள் நேரத்தைத் தின்றன, சில புத்தகங்களையே தின்றன, ஒன்றிரண்டு பலித்தன. வேறு பள்ளி ஆசிரியர்கள் எது நல்லது என்று கேட்டால், எல்லாமே நல்லதுதான், கலந்து செய்யுங்கள் என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். இங்கே அப்படித் தப்பிக்கப் போவதில்லை.

என்னிடம் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன. அறிமுகம் முடிந்தபிறகு அந்தப் பிள்ளை யாரும் சொல்லாமல் இரண்டாம் முறை வருகிறதா? ஒரு கேள்வியைக் கொடுத்தால், இதற்கு விடை எங்கே கிடைக்கும் என்று யோசிக்கிறதா, கைபேசியில் முதலில் வந்ததை அப்படியே எழுதிவைக்கிறதா? முதலாவது நூலகத்துக்கு வரும் பழக்கம். இரண்டாவது தேடும் திறமை. இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து முதல் மூன்று வருடங்களை வீணாக்கினேன்.

வழி எதுவானாலும், முதலில் பூட்டைத் திறக்க வேண்டும்

புத்தகங்கள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் நான் கீழே சொல்லப்போகும் எதுவும் பயன்படாது. சீர்காழியில் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகர் ஆன எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். அவற்றில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இதைப் போய் ஒருவர் விதி என்று எழுதிவைக்க வேண்டுமா என்று சிரிப்பு வரும். எங்கள் பீரோக்களைப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும்.

பூட்டுவதற்குக் காரணம் சோம்பல் கிடையாது, பயம். இருப்புப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் ஒன்று குறைந்தால் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு தணிக்கையின்போது, காணாமல்போன பதினைந்து ரூபாய்ச் சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றுக்காக நான் கொடுத்த விளக்கம் அந்தக் கதையைவிட நீளம். அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். விலை அதிகமான பார்வை நூல்கள், அகராதிகள், கலைக்களஞ்சியத் தொகுதிகள் பீரோவிலேயே இருக்கட்டும். ஆனால் பள்ளி நடக்கும் நேரம் முழுக்கப் பீரோ திறந்திருக்க வேண்டும். மற்றவை திறந்த தட்டுகளுக்கு வந்துவிட வேண்டும். நன்கொடையாக வந்தவை, அட்டை கிழிந்தவை, பழைய இதழ்கள் ஆகியவற்றைத் தனி மேசையில் போட்டேன். அவை போனால் போகட்டும். இதைச் செய்யாமல் பிள்ளைகளை அழைத்துக் காட்டுவது, இனிப்புக் கடைக் கண்ணாடிக்கு வெளியே நிற்கவைப்பது போலத்தான்.

ஜூன் மாதச் சொற்பொழிவு

இதுதான் எல்லாரும் செய்வது. பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொரு வகுப்பாக நூலகத்துக்கு அழைத்து வருவது, அறையைச் சுற்றிக் காட்டுவது, விதிகளைச் சொல்வது. செலவு ஒரு பாடவேளை. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே செய்தி போய்விடும். தலைமையாசிரியரிடம், அறிமுகம் முடிந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

குறை என்னவென்றால், ஜூன் மாதத்தில் பிள்ளையிடம் கேள்வியே இல்லை. பாடம் தொடங்கவில்லை, எதையும் தேட வேண்டிய அவசியமும் வரவில்லை. அந்த நேரத்தில் 'இது பார்வை நூல் பகுதி, இது அறிவியல் பகுதி' என்று காட்டுவது, பசிக்காதவனிடம் அடுப்படியில் எந்த டப்பாவில் என்ன இருக்கிறது என்று சொல்வதற்குச் சமம்.

ஆனாலும் இதை நான் முழுக்கக் கைவிடவில்லை. முக்கால் மணி நேரத்தைக் கால் மணி நேரமாகக் குறைத்தேன். மூன்றே விஷயங்கள்: எப்போது வரலாம், எத்தனை புத்தகம் எடுக்கலாம், தொலைந்தால் என்ன ஆகும். மூன்றாவதைச் சொல்லும்போது பிள்ளைகள் உன்னிப்பாகக் கேட்பார்கள். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் புத்தகம் எடுப்பதே இல்லை. மீதி அரை மணி நேரத்தில் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒன்றை எடுத்து, வழங்கல் பதிவேட்டில் தன் கையாலேயே பெயர் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அந்தக் கையெழுத்து நான் பேசும் பேச்சைவிட அதிகம் செய்கிறது. எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கவாவது இன்னொரு முறை வந்துதான் ஆக வேண்டும்.

புதையல் வேட்டை

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது இது. எனக்கு மிகவும் சலிப்பு தந்ததும் இதுதான். துண்டுச்சீட்டில் குறிப்பு, குறிப்பு காட்டும் தட்டில் ஒரு புத்தகம், அந்தப் புத்தகத்துக்குள் அடுத்த குறிப்பு. நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள். முதலில் முடிக்கும் குழுவுக்கு ஆளுக்கொரு பேனா.

குறிப்புகளை யோசித்து எழுதினால் இதில் நிறையச் சொல்லிக்கொடுக்க முடியும். உதாரணத்துக்கு அகரவரிசை. ஒன்பதாம் வகுப்பில் பெரும்பாலானவர்களுக்கு ஆங்கில அகராதி பார்க்கத் தெரிந்திருக்கிறது, தமிழ் அகராதி பார்க்கத் தெரியவில்லை. மலை, மழை, மறை, மனை ஆகிய நான்கையும் அகராதியில் வரும் வரிசையில் எழுதச் சொன்னால், 'மனை'யை முதலில் எழுதுவார்கள். ண, ந பக்கத்திலேயே ன வந்துவிடும் என்ற நினைப்பு. நம் நெடுங்கணக்கில் ழ, ள, ற, ன நான்கும் கடைசியில் என்பது ஒன்றாம் வகுப்பில் படித்ததுதான், ஆனால் அதை யாரும் எதற்கும் பயன்படுத்தியதில்லை. புள்ளி வைத்த எழுத்து முன்னால் வரும் என்பது இன்னொரு அதிர்ச்சி: 'அக்கா' தாண்டித்தான் 'அகம்'. இந்த ஒன்று தெரியாமல் அகராதியும் கலைக்களஞ்சியமும் எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்று நூலின் பின்னால் இருக்கும் சொல்லடைவும் பூட்டிய வீடுதான். வேட்டையில் இதை விளையாட்டாகச் சொல்லிவிடலாம்.

இன்னொரு குறிப்பு எனக்குப் பிடித்தமானது. 'தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? மூன்று புத்தகங்களில் பார்த்து மூன்று விடை கொண்டுவா.' ஒன்றில் 32 என்று இருக்கும், ஒன்றில் 37, ஒன்றில் 38. பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், எது டீச்சர் சரி என்று. புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பதிப்பாண்டைப் பார் என்பேன். 2019 தொடக்கம்வரை 32. அந்த ஆண்டு ஐந்து மாவட்டங்கள் புதிதாக வந்தன. 2020இல் மயிலாடுதுறை பிரிந்து 38 ஆனது. மூன்று புத்தகங்களும் அச்சான நாளில் சரியாகத்தான் சொல்லியிருக்கின்றன. பதிப்பாண்டு என்ற ஒன்று எதற்காக அச்சிடப்படுகிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது.

புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எண்ணையும் வேட்டையில் சொல்லிக்கொடுக்கலாம். நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி தசம முறையை எங்கள் நூலகத்தில் தோராயமாகப் பின்பற்றுகிறோம். மெல்வில் டூயி 1876இல் கொண்டுவந்தது. 500 என்றால் அறிவியல், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். தமிழ் இலக்கியத்தின் எண் 894.811. ஆங்கில இலக்கியத்துக்கு 820இலிருந்து ஒரு வரிசையே கொடுத்துவிட்டு, நம்மை 890 என்ற 'இதர மொழிகள்' வரிசையில் புள்ளிக்குப் பின்னால் உட்காரவைத்திருக்கிறார்கள். இதைச் சொன்னபோது ஒரு மாணவி, "அப்போ நம்மளே வேற மாதிரி நம்பர் போட்டுக்கலாமே" என்றாள். போட்டுக்கொண்டவர்தான் அரங்கநாதன், 1933இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். எங்கள் அறுநூறு புத்தகங்களுக்கு இரண்டு முறையுமே அதிகம்தான். கடைசியில் நிறத் தாள் ஒட்டினோம்: கதை சிவப்பு, அறிவியல் பச்சை, வரலாறு மஞ்சள். எண் கூடவே இருக்கிறது, நாளைக்குப் பெரிய நூலகத்துக்குப் போனால் மிரளாமல் இருக்க.

சரி, இவ்வளவு நன்மை இருக்கும்போது சலிப்பு எதற்கு? குழுவில் ஓடுகிறவன் ஒருவன்தான், மற்ற நான்கு பேர் அவன் பின்னால். நாற்பத்திரண்டு பேரை அந்த அறைக்குள் விட முடியாது. பாதி வகுப்பை யாராவது வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும். வேட்டை முடிந்த மாலை நான் தனியாக உட்கார்ந்து இரண்டு மணி நேரம் புத்தகங்களை இடம் மாற்றி அடுக்குவேன். இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் புத்தகத்தைக் கண்டுபிடிக்கிறார்கள், திறந்து குறிப்பை உருவுகிறார்கள், தட்டில் வீசிவிட்டு ஓடுகிறார்கள். இரண்டாம் முறை வந்தவர்களை எண்ணிப் பார்த்தேன். ஜூன் சொற்பொழிவுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. "அடுத்த வேட்டை எப்போ டீச்சர்?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஆறு, ஏழாம் வகுப்புகளுக்குத் தாராளமாகச் செய்யலாம். ஒன்பதாம் வகுப்புக்கு இதையே முதன்மை வழியாக வைத்துக்கொள்ள மாட்டேன். அகரவரிசைக் குறிப்பையும் மாவட்டக் குறிப்பையும் மட்டும் எடுத்து வேறு இடத்தில் பயன்படுத்திக்கொள்வேன்.

வாரத்துக்கு ஒரு பாடவேளை

காகிதத்தில் பார்த்தால் இதை அடிக்க வேறு வழி இல்லை. கால அட்டவணையில் நூலகம் என்று ஒரு பாடவேளை, வாரம் தவறாமல். ஆண்டு முழுக்க மெதுவாகப் பழக்கம் வரும்.

காலாண்டுத் தேர்வு வரை வரும். அப்புறம் கணக்கு சார் வந்து, "டீச்சர், இந்த வாரம் மட்டும்" என்பார். அடுத்த வாரம் அறிவியல். பத்தாம் வகுப்பானால் ஜூலையிலேயே போய்விடும். நானும் சங்கடத்தோடு ஒப்புக்கொள்கிறேன், பொருளியல் பகுதி முடியாதபோது நானே என்னிடமிருந்து அந்தப் பாடவேளையைக் கடன் வாங்கியிருக்கிறேன்.

கிடைக்கும் வாரங்களிலும் நடப்பது வாசிப்பு. அது நல்லதுதான், அதில் எனக்குக் குறையே இல்லை. எட்டாம் வகுப்பு வரை இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களை மேசையில் பரப்பிவிட்டாலே போதும், அறை அமைதியாகிவிடும். ஆனால் விரும்பியதைப் படிப்பது வேறு, வேண்டியதைத் தேடி எடுப்பது வேறு. கதைப் புத்தகம் ஐம்பது படித்த பெண்ணுக்கும் ஒரு நூலின் சொல்லடைவு எந்தப் பக்கத்தில் இருக்கும் என்று தெரியாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தேடும் திறமையை எதிர்பார்த்து வாராந்திரப் பாடவேளையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான்.

இணைப்புகளை அனுப்பிவிடலாமே?

இளம் ஆசிரியர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். பள்ளியில் ஹைடெக் லேப் என்ற கணினி அறை இருக்கிறது, வீட்டில் ஒரு கைபேசியாவது இருக்கிறது. நூலக அறிமுகத்தை ஐந்து நிமிட வீடியோவாக எடுத்து, பயனுள்ள தளங்களின் பட்டியலோடு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் முடிந்தது அல்லவா?

வீடியோவைப் பற்றி ஒரு வரி போதும்: பார்த்தார்கள், லைக் போட்டார்கள், வரவில்லை.

தளங்களின் விஷயம் அப்படி ஒதுக்கக்கூடியது இல்லை. அறுநூறு புத்தகம் உள்ள ஒரு பள்ளிக்கு இது எவ்வளவு பெரிய வரம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் ஒன்றே போதும், ஒரு மாவட்ட நூலகத்தில்கூடத் தேடிப் பிடிக்க முடியாத பழைய நூல்கள் அங்கே கிடைக்கின்றன. தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்ற 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை எழுத்து வடிவிலேயே இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் சொல் தட்டிப் பார்க்கலாம். இவற்றை வெறும் பட்டியலாக அனுப்பினால் ஒருவரும் தொடுவதில்லை. ஒரு கேள்வியோடு, லேபில் பக்கத்தில் நின்று திறந்து காட்டினால் தொடுகிறார்கள். பழைய நூல்கள் பல படமாக மட்டுமே ஏற்றப்பட்டவை, உள்ளே சொல்லைத் தேட முடியாது. பொருளடக்கத்தைப் பார்த்துத்தான் போக வேண்டும். அங்கேயும் அச்சு நூலைக் கையாளும் பழக்கம்தான் கைகொடுக்கிறது.

போன வருடம் ஒரு குழு, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு ஐந்து நூல்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்தது. ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு எல்லாம் கச்சிதம். எங்கள் பதிவேட்டில் தேடினார்கள், கிளை நூலகத்தில் கேட்டார்கள், மின்னூலகத்தில் தேடினார்கள். இரண்டு நூல்கள்தான் கிடைத்தன. மற்ற மூன்றை எழுதியதாகச் சொல்லப்பட்ட ஆசிரியர்களின் நூற்பட்டியலிலேயே அவை இல்லை. நான் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

கேள்வி வந்தபிறகு நூலகம்

என் தேர்வு இதுதான், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நூலக அறிமுகத்தைத் தனி நிகழ்ச்சியாக வைக்காமல், பாடத்தில் வரும் ஒரு செயல்திட்டத்தோடு கட்டிவிடுவது.

செயல்திட்டம் என்றாலே நமக்கு ஒரு காட்சி நினைவுக்கு வரும். பள்ளிக்குப் பக்கத்து ஸ்டேஷனரி கடையில் 'சங்ககாலம்', 'சூரியக் குடும்பம்' என்று தலைப்பு வாரியாகப் படத்தாள் தொங்கும். வாங்கி, வெட்டி, சார்ட்டில் ஒட்டி, பின்பக்கத்தில் அச்சடித்திருக்கும் நான்கு வரியைப் பெரிய எழுத்தில் நகலெடுத்தால் வேலை முடிந்தது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. 'கீழடி பற்றி எழுதி வா' என்றால் அது தலைப்பு, கேள்வி கிடையாது. தலைப்புக்குக் கடையில் விடை கிடைக்கும்.

அதனால் முதல் பாடவேளையில் நாங்கள் நூலகத்துக்கே போவதில்லை. வகுப்பிலேயே தலைப்பைக் கேள்வியாக்குகிறோம். ஒன்பதாம் வகுப்பு வரலாற்றில் சங்ககாலம் வரும்போது, ஒரு குழு கீழடியை எடுத்தது. என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். "எல்லாம்" என்றார்கள். துருவித் துருவிக் கேட்டதில் ஒருத்தி, "அந்தப் பானை ஓட்டுல பேரு எழுதியிருக்காமே டீச்சர், அது யாரு பேரு?" என்றாள். அது கேள்வி. அதைக் கரும்பலகையில் எழுதினேன்.

இரண்டாம் பாடவேளை நூலகத்தில். குழு நேராகக் கலைக்களஞ்சியத்துக்குப் போனது. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை வந்த பத்துத் தொகுதிகள். எங்களிடம் ஏழு இருக்கின்றன. கீழடியைத் தேடினார்கள், இல்லை. அந்தத் தொகுதி காணாமல்போன மூன்றில் ஒன்றோ என்று பார்த்தார்கள். அதுவும் இல்லை, தொகுதி கையிலேயே இருக்கிறது. கொஞ்ச நேரம் குழம்பிப்போய், பிறகு ஒருவன் முதல் பக்கத்தைத் திருப்பினான். கீழடி அகழாய்வு தொடங்கியது 2014–15இல். அரை நூற்றாண்டுக்கு முன் அச்சான நூலில் அது எப்படி இருக்கும்? மாவட்ட எண்ணிக்கை விளையாட்டில் கற்றது இங்கே உதவியது. ஆனால் அதே கலைக்களஞ்சியத்தில் எழுத்துகளின் வரலாற்றைப் பற்றிய கட்டுரைகள் இருந்தன. தமிழின் பழைய எழுத்து வடிவமான தமிழ்ப் பிராமி என்ற சொல்லைப் பாடநூலில் பிடித்து, அதை வைத்து அடுத்ததைத் தேடினார்கள்.

மாநிலத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட கீழடி நூல் நன்கொடையாக எங்களுக்கு வந்திருந்தது. 'ஆதன்', 'குவிரன்' என்ற பெயர்களைப் பார்த்ததும் அவர்களுக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே! ஆதன் என்ற பெயரைச் சங்க இலக்கியச் சேர மன்னர் பெயர்களிலும் பார்த்ததாகத் தமிழ் அம்மாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். செல்வக் கடுங்கோ வாழியாதன் என்று அவர் எழுதிக் கொடுத்தனுப்பினார். அப்புறம் ஒரு சிக்கல். சங்ககாலம் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் தொடங்குகிறது என்கிறது ஒரு நூல். கீழடியில் எடுத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு என்கிறது 2019 நூல். எதை எழுதுவது? இரண்டையும் எழுது, எந்த நூல், எந்த ஆண்டு என்று பக்கத்தில் எழுது என்றேன். நான் மேற்கோள் காட்டும் முறை பற்றி வகுப்பெடுக்கவே இல்லை. அவர்களுக்கு அது தேவைப்பட்டது, செய்தார்கள்.

இது எனக்கு மட்டும் தோன்றியது இல்லை. அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கரோல் கூல்தாவ் 1980களில், கட்டுரைக்காக நூலகத்தில் தேடும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து கவனித்தார். தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் உற்சாகம் வருகிறது. தேட ஆரம்பித்ததும் அது வடிந்து குழப்பமும் சந்தேகமும் வருகின்றன. எதைப் பற்றி எழுதப்போகிறோம் என்பது பிடிபட்ட பிறகுதான் தெளிவு. உதவி தேவைப்படுவது அந்தக் குழப்ப நேரத்தில். ஜூன் சொற்பொழிவு அந்தக் குழப்பத்துக்கு இரண்டு மாதம் முன்னாலேயே முடிந்துவிடுகிறது. கலைக்களஞ்சியத்தில் கீழடி இல்லை என்று திகைத்து நிற்கும் அந்த ஐந்து நிமிடத்தில் நான் பக்கத்தில் இருந்தேன் என்பதுதான் இந்த வழியின் முழு ரகசியமும்.

விலை இல்லாமல் இல்லை. குறைந்தது மூன்று பாடவேளை போகும். பாட ஆசிரியரும் நூலகப் பொறுப்பாசிரியரும் வேறு வேறு ஆளாக இருந்தால், இரண்டு பேரும் முன்கூட்டியே உட்கார்ந்து பேச வேண்டும். நான் இரண்டும் நானே என்பதால் தப்பித்தேன். நம் அலமாரியில் என்ன இருக்கிறது என்று நமக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். ஒரு முறை, எங்கள் ஊர் ஏரியை யார் வெட்டினார்கள் என்று ஒரு குழு கேள்வி எழுதிக்கொண்டு வந்தது. அருமையான கேள்வி, எங்களிடம் ஒரு வரி இல்லை. மாவட்டத்தின் வரலாற்றையும் விவரங்களையும் தொகுத்த அரசு நூலான மாவட்டக் கெசட்டியரைத் தேடிக் கிளை நூலகத்துக்குப் போய், அங்கேயும் பாதி விடைதான் கிடைத்தது. மதிப்பெண் போடும்போது விடையைப் பார்க்காமல் எங்கெங்கே தேடினார்கள் என்பதைப் பார்த்துப் போட்டேன். எல்லா ஆசிரியரும் இதற்கு ஒப்புக்கொள்வார்களா தெரியாது. எட்டுக் குழுக்களில் இரண்டு, எவ்வளவு சொன்னாலும் படத்தாளோடுதான் வரும். வரட்டும்.

பெரிய நூலகத்துக்கு ஒரு பயணம்

சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டில் ஒன்றையாவது பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. ஒரு மாடி முழுக்கப் புத்தகம் என்பதை நேரில் பார்க்காமல் நம்ப முடியாது. ஆனால் பேருந்து வாடகை, பெற்றோர் ஒப்புதல் கடிதம், அலுவலக அனுமதி, மதியச் சாப்பாடு என்று ஒரு மாதம் போய்விடும். திரும்பி வந்தபிறகு நம் அறை இன்னும் சின்னதாகத் தெரியும். அறிமுகமாக வேண்டாம், பரிசாக வைத்துக்கொள்ளலாம்.

அதைவிட நடந்து போகும் தூரத்தில் உள்ள கிளை நூலகத்துக்கு அழைத்துப்போவது எவ்வளவோ மேல். வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் ஊர் கட்டுகிறது, போய் உட்காருங்கள் என்று சொல்வேன். எங்கள் ஊர் நூலகர் பிள்ளைகளைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போடுகிறவர். எல்லா ஊரிலும் அப்படி வாய்க்காது.

ஆக, ஒரு பள்ளியில் ஒரே ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு நான்கு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் நான் இப்படிப் பிரிப்பேன்: ஜூனில் ஒன்று, கால் மணி நேரப் பேச்சும் பெயர் எழுதிப் புத்தகம் எடுப்பதும். ஆகஸ்ட் வாக்கில், பாடத்தில் நல்ல கேள்வி எழும் இடம் பார்த்து மூன்று. அகரவரிசை விளையாட்டை அதில் பத்து நிமிடம் சொருகிக்கொள்ளலாம். ஆறாம் வகுப்பென்றால் கணக்கே வேறு. அங்கே வேட்டையும் வாராந்திர வாசிப்பும் போதும், கீழடிக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. நூலகமே இல்லாத பள்ளி என்றால் லேபும் கிளை நூலகமும்தான் நூலகம். கேள்வியை முதலில் உருவாக்கும் வேலை அங்கேயும் மாறாது.

வாசலில் நின்ற பையனைச் சொல்ல விட்டுவிட்டேன். அவன் தேடி வந்தது புறா வளர்ப்பு பற்றிய புத்தகம். இல்லை. பறவைகள் பற்றிய ஒன்றைக் கொடுத்தேன், சொல்லடைவில் 'புறா' எங்கே வரும் என்று தேடச் சொன்னேன். பு எங்கே இருக்கும் என்று விரல் விட்டு எண்ணிக் கண்டுபிடித்தான். இப்போது அவனும் அவன் சிநேகிதன் ஒருவனும்தான் மதிய இடைவேளையில் அறையைத் திறக்கிறார்கள். சாவி அவர்களிடம். இந்த ஆண்டு இருப்பில் இரண்டு புத்தகம் குறைகிறது. பதிவேட்டில் எழுதிவிட்டேன், விளக்கமும் தயாராக இருக்கிறது.